நின்ற வண்டியிலும் விபத்து நடக்கும்

(சாலைப் பாதுகாப்பு மாதத்தையொட்டி நாமக்கல்லில் நெடுந்தூர லாரி ஓட்டுநர்கள், அவர்களது குடும்பத்தினர், உரிமையாளர்கள் கூடிய கூட்டத்தில் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் இங்கே தருகிறோம்.)

 

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு லாரி ஓட்டத் தெரியாது. அரசுத் திட்டங்களைப் பற்றி எளிமையாக எழுதுவது என் வேலை. தொப்பூர் கணவாயில் லோடு வண்டியை எந்த கியரில் இறக்குவது என்று உங்களுக்குச் சொல்லித்தர நான் யாருங்க? அதனால் வேகம், ஓவர்டேக், தூக்கம் இதைப் பற்றியெல்லாம் பேசப் போவதில்லை. எனக்கு முன்னால் பேசியவர்கள் அதை நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நான் பேச வந்தது வண்டி நின்ற பிறகு நடக்கிற ஒன்றைப் பற்றி. இன்ஜின் ஆஃப், ஹேண்ட்பிரேக் போட்டாச்சு, சக்கரத்துக்குக் கட்டையும் வைத்தாச்சு. அப்புறம் நீங்கள் வண்டியிலிருந்து கீழே விழுகிறீர்கள். அதைப் பற்றி.

இந்தப் பேச்சுக்குத் தயாராகும்போது சில ஓட்டுநர்களிடம், "உங்களுக்கு விபத்து ஏதாவது நடந்திருக்குங்களா?" என்று கேட்டேன். ஒருவர், "இருபத்தஞ்சு வருஷமா வடக்க லைன் போறேன், வண்டில ஒரு கீறல் கிடையாது" என்றார். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் டீ குடிக்க எழுந்து நடந்தபோது இடது காலை ஒருமாதிரி சாய்த்து வைத்தார். "கால்ல என்னங்கண்ணா?" என்றேன். "அது ஒண்ணும் இல்ல கண்ணு. தார்ப்பாய் கட்டறப்ப மேல இருந்து விழுந்துட்டேன். நாலு மாசம் வீட்ல கெடந்தேன்" என்றார்.

நான்கு மாதம் சம்பாத்தியம் இல்லாமல் கிடந்திருக்கிறார். ஆனால் அவர் கணக்கில் அது விபத்து இல்லை. "கால் வழுக்கிடுச்சு" அவ்வளவுதான். அவர் கணக்கில் மட்டுமா? சாலை விபத்துப் புள்ளிவிவரம் என்று ஆண்டுதோறும் வருகிறதே, அது பொதுச் சாலையில் நடக்கும் மோதல்களை எண்ணுவது. குடோனுக்குள் லோடு மேலிருந்து விழுந்தவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். பிரிட்டனில் பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பு 'வண்டியிலிருந்து விழுதல்' என்று தனித் தலைப்பே வைத்து வழிகாட்டி வெளியிடுகிறது. நம்மிடம் அதற்கு ஒரு பெயர்கூட இல்லை. பெயர் இல்லாத ஒன்றை யாரும் தடுக்க மாட்டார்கள், அதற்கு இழப்பீடும் கேட்க மாட்டார்கள். இன்றைக்கு நான் கேட்பது ஒன்றுதான்: நின்ற வண்டியிலிருந்து விழுவதையும் விபத்து என்றே சொல்லுங்கள். அதுவும் பணியின்போது நடந்த விபத்து.

உயரம் எவ்வளவு என்று பார்ப்போம். கேபின் தரை நிலத்திலிருந்து நாலு அடி, சில வண்டிகளில் ஐந்து அடி. லோடு ஏற்றிய பிறகு உச்சி பன்னிரண்டு அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு அடியிலிருந்து விழுகிறவர் தரையைத் தொடும்போது அவருடைய வேகம் மணிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். விழ எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு வினாடிகூட இல்லை. டூவீலரில் முப்பதில் போகும்போது ஹெல்மெட் போடு என்று பையனைத் திட்டுகிறோம். இங்கே அதே வேகத்தில் தலை வெறும் கான்கிரீட்டில் மோதுகிறது.

நாலு அடிதானே, குதித்தால் என்ன என்று கேட்பீர்கள். குதித்துக் குதித்துப் பழகிய கால்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உயரத்திலிருந்து பாதத்தை ஊன்றி விழும்போது முதலில் அடிவாங்குவது குதிகால் எலும்பு. அதிர்ச்சி மேலே ஏறினால் முதுகெலும்பும் நசுங்கும். குதிகால் எலும்பு நொறுங்கினால் மாதக்கணக்கில் காலை ஊன்றக் கூடாது. ஊன்ற ஆரம்பித்த பிறகும் மேடு பள்ளத்தில் நடந்தால் வலிக்கும். உங்கள் இடது கால் கிளட்ச் மிதிக்கிற கால். அது போனால் லைசென்ஸ் கையில் இருந்தும் வேலை இல்லை.

கேபினிலிருந்து இறங்குவதையே எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறீர்கள்? செக்போஸ்ட், டீக்கடை, டயர் தட்டிப் பார்க்க, பில் காட்ட, குளிக்க, மறுபடி ஏற. பத்து இருபது தடவைக்குக் குறையாது. பெரும்பாலும் எப்படி இறங்குகிறோம்? கதவைத் திறந்து, வெளியே பார்த்தபடி, ஒரு கையில் போன், இன்னொரு கையில் தண்ணி பாட்டில், கடைசிப் படியிலிருந்து ஒரு குதி.

ஏணியில் இறங்குகிற மாதிரி இறங்குங்கள். முகம் கேபின் பக்கம் இருக்கட்டும். இரண்டு கை ஒரு கால், இல்லாவிட்டால் இரண்டு கால் ஒரு கை, எப்போதும் மூன்று பிடி வண்டியில் இருக்க வேண்டும். ஒரு பிடி தவறினாலும் மற்ற இரண்டு தாங்கும். கையில் பொருள் இருந்தால் மூன்று பிடி வராது. டிபன் பாக்ஸையும் பேப்பர் கவரையும் முதலில் சீட் ஓரத்தில் வைத்துவிட்டு, கீழே இறங்கி நின்று எடுத்துக்கொள்ளலாம். பிடிக்க வேண்டியது கைப்பிடிக் கம்பியை. கதவைப் பிடித்தால் கதவு உங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு திறக்கும்.

இன்னொன்று, நாலு மணி நேரம் உட்கார்ந்த கால் மரத்துப் போயிருக்கும். வண்டி நின்ற உடனே இறங்காமல் ஒரு நிமிஷம் சீட்டிலேயே பாதத்தை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். சர்க்கரை இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் பல வருடம் போனால் பாதத்தில் உணர்ச்சி குறையும். படியில் கால் சரியாகப் பதிந்ததா என்பதே தெரியாது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். ஆனால் அவர்கள் வருகிற நாளில் நீங்கள் நாக்பூரில் இருப்பீர்கள். அக்காமார்களே, அண்ணன் ஊருக்கு வந்த மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போகும் பொறுப்பு உங்களுடையது. தூங்கட்டும் பாவம் என்று விட்டுவிடாதீர்கள். தூங்கி எழுந்ததும் கூட்டிப் போங்கள்.

செருப்பு விஷயம். "ஷூ போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். மே மாதம் இன்ஜின் சூட்டில் ஷூ போட்டு உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். ஆகவே நடைமுறைக்கு வருகிற மாதிரி கேட்கிறேன். கேபினுக்குள் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். லோடு மேல் ஏறுவதற்கு மட்டும் குதிகால் பட்டை உள்ள, அடிப்பாகம் தேயாத ஒரு ஜோடி தனியாக இருக்கட்டும். ரப்பர் செருப்போடு ஈரச் சாக்கு மேல் ஏறுவது வாழைத்தோல் மேல் ஏறுவதற்குச் சமம். கைலியும் அப்படித்தான். படியிலோ கொக்கியிலோ மாட்டினால் பிடிமானமே போய்விடும். ஏறும்போது டிராயர் இல்லாவிட்டால் பேண்ட்.

இனி தார்ப்பாய். ஆட்களிடம் கேட்டவரைக்கும் பெரிய விழுகை எல்லாம் இங்கேதான் நடக்கிறது. முன்பெல்லாம் கிளீனர் ஒருவர் கூட வருவார். மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று கட்டுவார்கள். இப்போது நிறைய வண்டியில் ஓட்டுநர் மட்டும்தான். கேபின் உச்சியிலிருந்து தார்ப்பாய் மூட்டையை இழுப்பதும் அவர்தான், விரிப்பதும் அவர்தான், கயிறு போடுவதும் அவர்தான். நாசிக்கில் வெங்காயம் ஏற்றிவிட்டு மழை வருகிறது என்றால் யோசிக்க நேரமா இருக்கும்? நனைந்த லோடுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தானே.

தார்ப்பாயில் மூன்று ஆபத்து ஒளிந்திருக்கிறது. விரித்த பிறகு மூட்டைக்கு மூட்டை இடையில் இருக்கிற சந்து கண்ணுக்குத் தெரியாது. கெட்டித் தரை என்று நினைத்துக் கால் வைத்தால் உள்ளே இறங்கும். ஆகவே விரித்த பிறகு அதன் மேல் நடக்காமல் முடிந்தவரை மேலே நடக்கும் வேலையை முதலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மடிப்பை நடுவில் வைத்துப் பிரித்து, ஓரங்களைக் கீழே தள்ளிவிட்டு, மீதியைத் தரையில் நின்று நீளமான கழியால் இழுத்துச் சரிசெய்யலாம்.

அடுத்தது காற்று. தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்திக் கட்டும்போது பக்கத்தில் ஒரு கன்டெய்னர் வேகமாகப் போனால் தார்ப்பாய் பாய்மரம் மாதிரி உப்பும். அதைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தால் உங்களையும் தூக்கிப் போடும். தார்ப்பாய் போகட்டும் என்று விட்டுவிட வேண்டும். இரண்டாயிரம் மூவாயிரம் நஷ்டமானாலும் பரவாயில்லை.

கயிறுதான் மூன்றாவது. இறுக்கும்போது உடம்பு எடை முழுவதையும் பின்னால் சாய்த்து இழுப்பது எல்லோருக்கும் பழக்கம். கயிறு அறுந்தாலோ கொக்கி நழுவினாலோ நேராகப் பின்மண்டைதான். லோடு மேல் நின்று இப்படி இழுத்தால், முதுகுக்குப் பின்னால் விளிம்பு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தரையில் நின்று இழுத்தாலும் பின்மண்டை அடி பின்மண்டை அடிதான். ஒரு காலை முன்னால், ஒரு காலைப் பின்னால் ஊன்றி, கை பலத்தில் கீழ்நோக்கி இழுங்கள். வெயிலில் வெளுத்து, நார் நாராகப் பிரிந்து, தொட்டால் தூள் உதிர்கிற நைலான் கயிறு உயிர்போன கயிறு. அறுந்ததை முடிச்சுப் போட்டு ஓட்டுவது நம்முடைய சிக்கனம். உரிமையாளர்களே, டீசல் கணக்கில் பிடிக்கிற சிக்கனத்தைக் கயிறில் பிடிக்க வேண்டாம்.

மேலே ஏறுவதற்கு முன் ஒரு தடவை தலையை நிமிர்த்தி வானத்தைப் பாருங்கள். மின்கம்பி போகிறதா? அதற்கடியில் நிறுத்தி லோடு மேல் ஏறினால் கம்பியைத் தொடக்கூட வேண்டியதில்லை, உயர் அழுத்தக் கம்பி என்றால் நெருங்கினாலே ஆபத்து. வண்டியைப் பத்தடி தள்ளி நிறுத்தச் சோம்பல் வேண்டாம்.

டேங்கர் ஓட்டுபவர்கள் இந்த ஊரில் அதிகம். டேங்கர் முதுகு வளைவானது, அதில் எண்ணெய் சிந்தியிருக்கும், மழையில் கேட்கவே வேண்டாம். பெரிய நிலையங்களில் மேலே கம்பி கட்டி, பாதுகாப்புப் பெல்ட்டை அதில் மாட்டிவிட்டு ஏறச் சொல்வார்கள். அங்கே மாட்டுகிறோம், வாட்ச்மேன் பார்க்கிறார் என்பதற்காக. யாரும் பார்க்காத இடத்தில் மூடியைத் திறக்க அப்படியே ஏறிவிடுகிறோம். விழுந்தால் இரண்டு இடத்திலும் ஒரே அடிதான்.

இதையெல்லாம் ஓட்டுநர் தலையில் மட்டும் கட்டிவிட்டுப் போனால் அது நியாயம் இல்லை. விழுகிறவர் கவனக்குறைவால் மட்டும் விழுவதில்லை. ஏறுவதற்குச் சரியான இடமே இல்லாமல் டயர் மேல் கால் வைத்து, ஹப் மேல் கால் வைத்து, பக்கப் பலகைக் கொக்கியைப் பிடித்து ஏறுகிறார். அது ஏணியா? இங்கேதான் நாமக்கல்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. வேறு ஊரில் வண்டியை வாங்கி வந்து ஓட்டுவார்கள். நம் ஊரில் வண்டிக்கு பாடி கட்டுவதே நம் பட்டறையில். நாடு முழுவதிலிருந்தும் பாடி கட்ட இங்கே வருகிறார்கள். எந்த இடத்தில் கைப்பிடி வேண்டும், எந்தப் படி எட்டவில்லை என்று சொல்லத் தெரிந்த ஓட்டுநரும், அதை வெல்டிங் வைக்கத் தெரிந்த மேஸ்திரியும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள்.

எஃப்.சி.க்காக வண்டி பட்டறையில் நிற்கிற வாரம் இதற்குச் சரியான வாரம். பெயின்ட் புதிதாக அடிக்கிறோம், பம்பரில் பூ வரைகிறோம், கண் திருஷ்டிக்குக் கருப்புக் கயிறு கட்டுகிறோம். அதோடு சேர்த்து, முதல் படி தரைக்கு எட்டுகிற மாதிரி இருக்கிறதா, படியில் வழுக்காத செக்கர் தகடு இருக்கிறதா, கதவின் இரண்டு பக்கமும் கைப்பிடி ஆடாமல் இருக்கிறதா, லோடு மேல் ஏற நிரந்தர ஏணி இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்காமல், விதிக்கு உட்பட்டு வைக்கப் பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். ஒரு புது டயர் வாங்கும் காசுக்குள் முடிகிற வேலை. வண்டி ஓட்டுகிறவரையும் அன்றைக்குப் பட்டறைக்கு வரச்சொல்லி, ஏறி இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் உயரம் என்ன, உங்கள் உயரம் என்ன, இரண்டும் ஒன்றா?

கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று விதி வந்திருக்கிறது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக சரக்கு வண்டிகளுக்கு அது பொருந்தும். மிக நல்ல விஷயம். கேபினுக்குள் இருக்கிற ஓட்டுநரைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டோம். கேபினுக்கு வெளியே, லோடு உச்சியில், ராத்திரி இரண்டு மணிக்கு, போன் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு கயிறு கட்டுகிறாரே, அவரைப் பற்றியும் யோசிக்க வேண்டும். தலையில் மாட்டுகிற சின்ன விளக்கு இருக்கிறது, சில நூறு ரூபாய். வண்டிக்கு ஒன்று வாங்கிப் போடுங்கள்.

களைப்பு பற்றிப் பேச மாட்டேன் என்றேன், ஆனாலும் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனங்களுக்கு அது பொருந்தும் என்று வைத்தார்கள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48. நெடுந்தூரத்துக்கு அனுமதி பெற்று நீட்டினாலும் ஒரு நாளைக்குப் பத்து, வாரத்துக்கு 54 தாண்டக் கூடாது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் நடுவில் அரை மணி நேரம் ஓய்வு. இது பலருக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், அந்தச் சட்டம் ஸ்டீயரிங் பிடிக்கிற நேரத்தை மட்டும் வேலை நேரமாக எண்ணவில்லை. வண்டியைப் பராமரிப்பதும், சரக்கு ஏற்றி இறக்குவதும் சார்பு வேலை என்று சொல்லி, அதையும் வேலை நேரத்தில் சேர்த்தது. இப்போது புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுக்குள் அது போய்விட்டது. ஆனால் அறுபது வருடத்துக்கு முன்பே புரிந்த ஒன்று நமக்கு மறந்துவிட்டது: தார்ப்பாய் கட்டுகிற நேரமும் டூட்டிதான். டூட்டியில் விழுந்தால் அது பணி விபத்துதான்.

சரி, இவ்வளவு பார்த்தும் ஒருவர் விழுந்துவிட்டார். முதலில் என்ன செய்வோம்? நாலு பேர் ஓடிவந்து கைத்தாங்கலாகத் தூக்கி உட்கார வைத்து, தண்ணீர் கொடுப்போம். பாசத்தில் செய்கிறோம். ஆனால் கழுத்திலோ முதுகிலோ அடிபட்டிருந்தால் அந்தத் தூக்குதலே கை கால் செயலிழக்கக் காரணமாகலாம். வண்டி எதுவும் மேலே வரும் ஆபத்து இல்லை என்றால் அசைக்காமல் படுக்க வைத்திருங்கள். தமிழ்நாட்டில் 108. வெளி மாநிலத்தில் 112, தேசிய நெடுஞ்சாலையில் 1033-ம் இருக்கிறது. இந்த மூன்று எண்ணையும் கேபினில் சாமி படத்துக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். பதற்றத்தில் போனில் தேட முடியாது.

தலையில் அடிபட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டவரைப் பற்றித்தான் எனக்கு அதிகப் பயம். "ஒண்ணும் இல்லப்பா, லேசா கிறுகிறுன்னு இருக்கு" என்று வண்டியை எடுத்துவிடுவார். உள்ளே ரத்தம் கசிந்தால் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். வாந்தி, மயக்கம், தலைவலி கூடிக்கொண்டே போவது, பேச்சுக் குழறுவது. அப்போது அவர் நெடுஞ்சாலையில் இருபது, முப்பது டன்னோடு போய்க்கொண்டிருப்பார். அன்றைக்கு அவர் ஓட்டக் கூடாது. லோடு ஒரு நாள் தாமதமானால் போன் போட்டுச் சொல்லிக்கொள்ளலாம்.

குதிகால், மூட்டு அடிக்குக் கட்டு போடுகிற வைத்தியரிடம் போவது நம் பக்கம் வழக்கம். முதலில் எக்ஸ்ரே எடுங்கள். எலும்பு எப்படி உடைந்திருக்கிறது என்று தெரியாமல் போடுகிற கட்டு, பிறகு வாழ்நாள் முழுவதும் நொண்ட வைக்கலாம்.

மருத்துவமனையில் "எப்படி அடிபட்டது?" என்று கேட்பார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும், முதலாளிக்குத் தொந்தரவு, வண்டியைப் பிடித்துவைப்பார்கள் என்று பயந்து "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதிவிடுவார்கள். அதற்குப் பிறகு இழப்பீடு கேட்டுப் போனால் அந்த ஒரு வரியே எதிரியாக நிற்கும். உள்ளதைச் சொல்லுங்கள்: இன்ன எண்ணுள்ள லாரியில், இன்ன ஊரில், தார்ப்பாய் கட்டும்போது மேலிருந்து விழுந்தேன். பதிவேட்டின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைய எல்.ஆர். ரசீது, டிரிப் ஷீட், விழுந்த இடத்தின் போட்டோ, பார்த்தவர்களின் போன் நம்பர், எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.

வேலையின்போது, வேலை காரணமாக அடிபட்டால் வேலை கொடுத்தவர் இழப்பீடு தர வேண்டும் என்பது 1923-லிருந்து இந்த நாட்டில் சட்டம். இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் இருக்கிறது. வண்டி ஓடியதா நின்றதா என்பது அங்கே கேள்வி இல்லை, வேலையில் இருந்தாரா என்பதுதான் கேள்வி. இதைக் கேட்டதும் பின்னால் நிற்கிற உரிமையாளர்கள் முகம் சுருங்குவது தெரிகிறது. உங்களில் முக்கால்வாசிப் பேர் ஓட்டுநராக இருந்து ஒரு வண்டி வாங்கியவர்கள், இன்னும் தவணை கட்டிக்கொண்டிருப்பவர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களைக் கைவிடச் சொல்லவில்லை. இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது பாலிசியை ஒருமுறை படித்துப் பாருங்கள். சம்பள ஓட்டுநருக்கான சட்டப்பொறுப்பு அதில் சேர்ந்திருக்கிறதா? கிளீனரோ லோடுமேனோ வண்டியில் போவதானால் அவர்கள் எண்ணிக்கையும் இருக்கிறதா? ஏஜென்டிடம் நேராகக் கேளுங்கள். சேர்த்திருந்தால் அந்தப் பாரம் உங்கள் தலையில் விழாது.

சொந்த வண்டியைத் தாமே ஓட்டுபவர்களுக்கு முதலாளி யாரும் இல்லை. அவர்களுக்கு உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாய்க்கு இருக்கிறது. அந்தப் பாலிசி வாசகத்தில் வண்டி ஓட்டும்போது என்பதோடு, வண்டியில் ஏறும்போது, இறங்கும்போது என்றும் எழுதியிருப்பார்கள். காப்பீட்டுக்காரர்களுக்கே தெரிந்திருக்கிறது பாருங்கள், ஏறி இறங்குவதும் ஆபத்து என்று! ஆனால் அது உயிரிழப்பு, உறுப்பு இழப்பு, நிரந்தர முழு ஊனம் ஆகியவற்றுக்குத்தான். சாதாரண எலும்பு முறிவுக்கு வராது. லைசென்ஸும் நடப்பில் இருக்க வேண்டும்.

வங்கிக் கணக்கு உள்ள எல்லோருக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 20 ரூபாய். 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தாலோ முழு ஊனமானாலோ இரண்டு லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு ஒரு லட்சம். மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து தானாகப் பிடிப்பார்கள். அந்த வாரம் கணக்கு காலியாக இருந்தால் பாலிசி நின்றுவிடும், யாரும் போன் போட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆகவே வீட்டு காலண்டரில் மே 25-ஐ வட்டம் போட்டு வையுங்கள்.

கடைசியாக நல வாரியம். தமிழ்நாடு அமைப்புசாரா ஓட்டுநர்கள் மற்றும் தானியங்கி மோட்டார் வாகனங்கள் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள் நல வாரியம் என்று நீளமான பெயர். பெயர் நீளம் என்பதற்காக விட்டுவிடாதீர்கள். 18 முதல் 60 வயது வரை உள்ள ஓட்டுநர்கள் பதியலாம், பதிவுக்குக் கட்டணம் கிடையாது. விபத்து மரணம், விபத்து ஊனம், பிள்ளைகள் படிப்பு, திருமணம், 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் என்று உதவிகள் இருக்கின்றன. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பதிவு காலாவதியாகி, அதற்குப் பிறகு விபத்து நடந்து, குடும்பம் அட்டையைத் தூக்கிக்கொண்டு அலையும். உங்கள் அட்டையை இப்போதே எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

ஆன்லைனில் பதியும்போது ஒரு சின்னச் சிக்கல் வரும். ஓ.டி.பி. உங்கள் போனுக்கு வரும், நீங்கள் குஜராத்தில் டவர் இல்லாத இடத்தில் இருப்பீர்கள், அக்கா இங்கே இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பார். ஊரில் இருக்கிற நாளிலேயே இந்த வேலையை முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் போனைக் கையில் வைத்திருங்கள். வாரிசுதாரர் பெயர் ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் பின்னால் அலைச்சல்தான்.

தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஓட்டுநர் உரிமம், ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், ஒரு போட்டோ. கையில் இருந்தால் இப்போதே கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போங்க. ஏதாவது குறைந்தால் என்ன குறையுது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்க. நானும் அந்த மேசைப் பக்கம்தான் இருப்பேன், பாலிசி பேப்பர் கொண்டு வந்திருக்கிறவங்க வாங்க, சேர்ந்து படிச்சுப் பார்க்கலாம்.